கொங்காணியும் மழைக்கோட்டும்

சீர்காழி வட்டாரத்துக்கு மழைக்காலம் என்பது ஐப்பசியும் கார்த்திகையும்தான். ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று மலையாளக் கரையிலும் கொங்கணக் கரையிலும் கொட்டித் தீர்க்கும்போது, கொள்ளிடத்துக்குத் தென்கரையிலுள்ள இவ்வூர்கள் ஆற்றுநீரையோ ஆழ்குழாய்க் கிணற்றையோ நம்பிக் குறுவை செய்கின்றன. வானத்து நீர் அக்டோபர் மாதத்தின் பின்பாதியில், வாடைக்காற்றோடு, சம்பாவுக்கும் தாளடிக்கும் நடவும் களையெடுப்பும் நடக்கும் நாள்களில் வந்து சேருகிறது. வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு கரையை நெருங்கிவிட்டால் அது எந்த அளவுக்குப் பெய்யும் என்பதற்கு அண்மைக்காலச் சான்று ஒன்றே போதும்: 2022 நவம்பர் 12ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் சீர்காழியில் 44 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஊழிவெள்ளத்தில் மிதந்த தோணியின் பெயரால் தோணிபுரம் என்றும் வழங்கப்படும் ஊருக்கு அது பொருத்தமான அளவுதான் என்றாலும், நட்டு வேர்பிடித்த சம்பாப் பயிர் வயலோடு மூழ்கிப்போன அந்த ஆண்டை அவ்வூர் உழவர்கள் வேடிக்கையாக நினைவுகூர்வதில்லை.

இவ்வளவு பெய்யாத சாதாரண அடைமழை நாளில் வயல்வேலை நிற்பதில்லை. நாற்றங்காலில் நாற்று முற்றிவிட்டால் தூர்கட்டாது என்பதால், தூறலோ கனமழையோ, பறித்த நாற்றை அன்றே நட்டாக வேண்டும். நடவாள்கள் வரிசையாகக் குனிந்து, இடக்கையில் நாற்றுமுடியும் வலக்கையில் சேறுமாகப் பின்னோக்கி நகர்ந்து நடுகிறார்கள். இரண்டு கைகளுக்கும் வேலை இருக்கிறது, முதுகு வானத்தைப் பார்த்தபடி இருக்கிறது, கால் முழங்கால்வரை நீரில் இருக்கிறது. அந்த நிலையில் நனையாமல் காக்க வேண்டியவை தலையும் கழுத்தும் முதுகும் மட்டுமே. இந்தத் தேவைக்கென்று கீழத்தஞ்சையிலும் தமிழகத்தின் வேறு சில வட்டாரங்களிலும் வழங்கிவரும் சொல் கொங்காணி. மழைக்கும் பனிக்கும் தலையில் கவிழ்த்து முதுகில் தொங்கவிட்டுக்கொள்ளும் முக்காட்டை அது குறிக்கும்.

சாக்குக் கொங்காணி செய்வதற்கு ஊசியோ நூலோ வேண்டியதில்லை. வெறும் சாக்கை எடுத்து, அதன் மூடிய அடிப்பக்கத்தின் இரு மூலைகளில் ஒன்றை உள்பக்கமாகத் தள்ளி மற்ற மூலைக்குள் போய் உட்காரும்படி செருகினால், சாக்கு நீளவாக்கில் இரண்டாக மடிந்து, மேலே கூம்பிய ஒரு தொப்பியும் கீழே இரட்டைப் படலமான ஒரு தொங்கலும் கிடைக்கும். கூம்பு தலையில் கவிந்துகொள்ள, தொங்கல் இடுப்புவரை முதுகை மூடும். முன்பக்கம் திறந்தே இருப்பதால் கைகள் தடையின்றி இயங்கும். மழை விட்டதும் அதை உதறி விரித்தால் மறுபடியும் சாக்குதான்; நெல்லையோ எருவையோ அள்ளிக்கொண்டு போகலாம். மடிப்பில் பிறந்து மடிப்புக் கலைந்ததும் மறைந்துவிடும் இந்த உடைக்கு நிலையான பெயர் ஒன்று இருப்பதே கவனிக்கத்தக்கது.

ஏனெனில் கொங்காணி என்ற சொல் எந்தப் பொருளால் ஆனது என்பதைச் சொல்வதில்லை. கம்பளியை மடித்துப் போட்டாலும் கொங்காணிதான், கோணிச் சாக்கை மடித்துப் போட்டாலும் கொங்காணிதான். வங்காளத்தில் ஹூக்ளி ஆற்றங்கரையிலுள்ள ரிஷ்ராவில் 1855இல் சணல் ஆலை தோன்றி, நூற்றாண்டின் பிற்பாதியில் சணல்சாக்கு நாடெங்கும் மலிந்தபோது அச்சொல் சாக்குக்குப் போயிற்று; பிறகு செயற்கை உரம் வந்து யூரியா மூட்டைகள் களத்துமேட்டில் குவிந்தபோது பிளாஸ்டிக் நாரால் நெய்த உரச்சாக்குக்கும் போயிற்று. சணல் நீரை உறிஞ்சி ஊறிக் கனக்கும். அரைமணி நேரத்தில் கழுத்தை இழுக்கும். ஆனால் ஊறிய இழைகள் பருத்து நெருங்கிக்கொள்வதால் உள்ளே சொட்டுவது சற்றுத் தாமதப்படும், உடற்சூடும் தங்கும். உரச்சாக்கு ஊறுவதில்லை, கனப்பதில்லை. சூட்டையும் தாங்கி நிறுத்துவதில்லை. பொருளின் குணம் இப்படித் தலைகீழாக மாறியபோதும் சொல் மாறவில்லை என்பதிலிருந்து, அச்சொல் குறித்தது ஒரு பண்டத்தை என்பதைவிட ஒரு போடும் முறையை என்று கொள்வதே பொருந்தும்.

சொல்லின் பிறப்பைத் தேடும்போது இந்த வேறுபாடு பயன்படுகிறது. கொங்காணி என்ற ஒலியைக் கேட்டதும் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது கொங்கணம்தான். மேற்குக் கடற்கரையின் அந்நாடு புறநானூற்றுக் காலம் முதலே கொண்கானம் என்ற பெயரில் தமிழ்ப் புலவர்களுக்குத் தெரிந்த நாடு. மோசிகீரனார் பாடிய கொண்கானங்கிழான் அப்பெயரைத் தாங்கியவன். கொங்கணக் கரையில் ஆண்டுக்குப் பெய்யும் மழை 250 சென்டிமீட்டரைத் தாண்டும். காவிரிப் படுகையின் கடலோரத்தில் பெய்வது அதில் ஏறத்தாழப் பாதி. கொங்கணத்தில் நடவுப் பெண்கள் தலையிலிருந்து இடுப்புவரை கவிழ்த்துக்கொள்ளும் இலைக்கூடு மராத்தியில் இர்லே என்றும், அதற்குத் தெற்கே கன்னடக் கரையில் கொரபு என்றும் வழங்குகிறது. மூங்கிற்பட்டையால் பின்னிய சட்டத்தில் இலையை அடுக்கிச் செய்யும் அது குனிந்த முதுகின் வளைவுக்கே அளவெடுத்ததுபோல் இருக்கும். ஆகவே பெருமழை நாட்டிலிருந்து வந்த மழைமூடிக்கு அந்நாட்டின் பெயரே ஆயிற்று என்று சொல்வது எளிது. எளிதாக இருப்பதே அதன்மீது ஐயம் கொள்ள முதற்காரணம். பொருள் கொங்கணத்திலிருந்து வந்திருந்தால் இலைக்கூடும் உடன் வந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கொங்காணியோ சட்டமில்லாத, மடிப்பினாலான முக்காடு.

இன்னொரு தடம் கொங்காடை என்ற வடிவத்திலிருந்து கிளம்புகிறது. கொங்கு நாட்டிலும் கரிசல் பகுதியிலும் ஆடுமேய்ப்போரும் உழவரும் கம்பளியையோ சாக்கையோ இதே முறையில் மடித்துத் தலையில் போட்டுக்கொள்வதைக் கொங்காடை என்பார்கள். சொல்லைக் கேட்பவர் அதைக் கொங்கு ஆடை என்று பிரித்துப் பொருள்கொள்ளத் தூண்டப்படுகிறார். ஆனால் தெலுங்கில் ஆட்டுமயிரால் நெய்த முரட்டுக் கம்பளிக்குக் கொங்கடி என்றும் கொங்களி என்றும் பெயர்; இரண்டிலும் முதலெழுத்து மெலிந்து, கங்கை என்பதன் முதலெழுத்தைப் போல ஒலிக்கும். உடல் முழுதும் மயிருள்ள கம்பளிப்பூச்சியைத் தெலுங்கர் கொங்களிப் புழு என்பதிலிருந்தே அந்தப் போர்வையின் தோற்றத்தை ஊகிக்கலாம். தெலங்கானத்தில் குருமர் எனப்படும் ஆட்டிடையர் தக்காணக் கறுப்பாட்டின் மயிரில் இதை நெய்து, பாவுநூலுக்குப் புளியங்கொட்டைப் பசையேற்றி, மழைநாளில் ஒரு முனையை மடித்துத் தலையில் கூம்பாகக் கவிழ்த்துக்கொண்டு மேய்ச்சலுக்குப் போகிறார்கள். ஆட்டுமயிரில் இயற்கையாகவே கொழுப்புப் பசை உண்டு. நெருக்கமாக நெய்து மிதிபட்டுத் திரண்ட கம்பளியின் மேற்பரப்பில் மழைத்துளி உடனே ஊறாமல் உருண்டோடும். அதாவது, அங்கே போர்வையின் பெயரும் போடும் முறையும் தொழிலும் ஒரே இடத்தில் கூடியிருக்கின்றன.

தெலுங்குச் சொல்லின் மெலிந்த முதலெழுத்து தமிழில் ககரமாகவே எழுதப்படும். நடுவிலுள்ள டகரம் அப்படியே நிற்கும். ஈற்றில் தமிழரின் காதுக்குப் பழகிய ஆடை என்ற சொல் வந்து ஒட்டிக்கொண்டால் கொங்கடி கொங்காடை ஆகிவிடும். பொருள் விளங்காத பிறமொழிச் சொல்லைத் தமக்கு விளங்கும் சொல்லாக மக்கள் திருத்திக்கொள்வது மொழியியலில் நன்கு அறியப்பட்ட நிகழ்ச்சி. அதற்கு மழை தொடர்பான சொற்களுக்குள்ளேயே தெளிவான சான்று உண்டு. களத்தில் நெற்குவியலை மூடும் தார்ப்பாய் என்ற சொல்லைத் தார் பூசிய பாய் என்றே எவரும் பொருள்கொள்வார்கள். உண்மையில் அது டார்பாலின் என்ற ஆங்கிலச் சொல். அந்த ஆங்கிலச் சொல்லின் முதற்பகுதி தாரைக் குறிப்பதும், பிற்பகுதி மூடுதுணியைக் குறிக்கும் பழஞ்சொல் என்பதும் தமிழர் செய்த திருத்தத்துக்குத் தற்செயலாகவே துணைநின்றன. தாரும் பாயும் தமிழரின் காதுக்குப் பழகிய சொற்களானதால் சொல் இரவல் என்ற நினைவே அற்றுப்போயிற்று. கொங்காடைக்கு நேர்ந்ததும் இதே வகை மாற்றம் என்று கருத இடமுண்டு.

கொங்காணி என்ற வடிவம் இதிலிருந்து இன்னும் ஓரடி தள்ளி நிற்கிறது. டகரம் ணகரமானதற்கு முன்னுள்ள மெல்லெழுத்தின் சாயல் ஒரு காரணமாகலாம். கொங்கணம், கொங்கணர் என்று முன்பே வழக்கிலிருந்த பெயர்களின் இழுப்பு இன்னொரு காரணமாகலாம். அப்படியானால் கொங்கணத்துக்கும் இச்சொல்லுக்கும் உள்ள உறவு பிறப்பால் வந்தது ஆகாது, சாயலால் வந்ததாகும். கம்பளிக்குத் தேவையே இல்லாத, ஆட்டுமந்தை குறைந்த கீழத்தஞ்சைக்கு இடையரின் சொல் எப்படி வந்திருக்கும் என்ற கேள்விக்கு விடை வயலிலேயே இருக்கிறது. அறுவடை முடிந்த நிலங்களில் எருவுக்காகக் கிடை போடுவதற்கு இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கங்களிலிருந்து கீதாரிகள் எனப்படும் இடையர்கள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஆண்டுதோறும் இப்பகுதிக்கு வந்துபோகிறார்கள்; திறந்த வெளியில் பனியிலும் மழையிலும் கிடைக்குக் காவல் இருப்பவர்களிடமிருந்து போர்வை போடும் முறையும் அதன் பெயரும் உழவருக்குப் பரவுவது இயல்பே. 1532 முதல் 1673 வரை தஞ்சையை ஆண்ட நாயக்கர் அவையின் தெலுங்கைக் காரணம் காட்டுவதைவிட இதுவே பொருந்தும். அரண்மனைத் தெலுங்கு இசைக்கும் இலக்கியத்துக்கும் சொற்களைத் தந்திருக்கலாம், சாக்கு முக்காட்டுக்குத் தந்திருக்காது.

இச்சொல் வருவதற்கு முன்பு தமிழர் மழைக்கு எதைப் போர்த்தினர் என்ற கேள்வி சங்கப் பாடல்களுக்குக் கொண்டுசெல்கிறது. அங்கும் மழையில் நிற்பவன் இடையனே. உறையூர் முதுகொற்றன் பாடிய குறுந்தொகை 221ஆம் பாட்டில், முல்லை பூத்த கார்காலத்தில் பாலைக் கொண்டுவந்து கொடுத்துக் கூழைப் பெற்றுத் திரும்பும் இடைமகனின் கூட்டத்தார் கையில் பறி வைத்திருக்கிறார்கள். இடைக்காடனார் பாடிய நற்றிணை 142ஆம் பாட்டில் பால் விற்கும் இடையன் ஒருவன் உறியையும் தீக்கடைகோலையும் தோலையும் சுருட்டிக் கட்டி, முதுகில் பறியைப் போட்டுக்கொண்டு, மழைக்காலத்தின் கடைசி நாளில், கோலில் சாய்ந்து நின்று சீழ்க்கையடித்து மந்தையை மடக்குகிறான். பறி என்பது பனையோலையால் பின்னிய பாய் என்பது உரையாசிரியர்கள் கொண்ட பொருள். விரித்தால் படுக்கை, கவிழ்த்தால் மழைமூடி. சாக்கைப் போலவே அதற்கும் மழை என்பது பல வேலைகளில் ஒன்று.

அந்த நற்றிணைப் பாட்டில் ஒரு நுட்பம் இருக்கிறது. பறியைப் போட்டிருந்தும் இடையனை நுண்துளிகள் ஒரு பக்கம் நனைக்கின்றன என்கிறார் புலவர். காட்சியழகுக்காகச் சொன்னதென்று அதைக் கடந்துபோவது எளிது. ஆனால் பறியின் இயல்பையே அது துல்லியமாகச் சொல்கிறது. முதுகில் தொங்கும் ஓலைப்பாய் தலைக்குமேல் விழும் நீரைப் பின்னே வழித்துவிடும். காற்றில் சாய்ந்து வரும் சாரலைப் பக்கவாட்டில் தடுக்காது. கூரையில் கீற்று வேய்வதன் கொள்கையும் இதுவே. நீர் புகாத ஒரு படலத்தை உண்டாக்குவது அதன் நோக்கமன்று. ஒன்றன்மேல் ஒன்று கவிந்த ஓலைகள் நீரைச் சரிவில் கைமாற்றிக் கீழே இறக்கிவிட வேண்டும், அவ்வளவே. வாடைக்காற்றில் நடவாள்கள் காற்றுக்கு முதுகைக் கொடுத்துத் திரும்பிக்கொள்வதும் அந்தப் பக்கச் சாரலைச் சமாளிக்கத்தான். ஈராயிரம் ஆண்டு இடைவெளியில் ஓலை சாக்காகியிருக்கிறது. நனையும் பக்கம் நனைந்துகொண்டுதான் இருக்கிறது.

பறி என்ற சொல் காவிரிப் படுகையில் இன்றும் புழங்குகிறது, வேறு பொருளில். வாய்க்கால் மடையில் மீன் பிடிக்க வைக்கும் பின்னற்கூடும், பிடித்த மீனை இட்டுவைக்கும் கூடையும் பறியே. மழைமூடி என்ற பொருள் வழக்கிழந்தபோது அந்த இடம் வெறுமையாகக் கிடக்கவில்லை. கொங்காணி வந்து அமர்ந்தது. நெல் விளையும் பிற நாடுகளோடு ஒப்பிட்டால் ஒரு வேறுபாடும் தெரிகிறது. சீனத்திலும் ஜப்பானிலும் உழவர்கள் வைக்கோலைக் கற்றை கற்றையாகத் தொடுத்து மேலாடை செய்து மழையில் அணிந்தார்கள். ஜப்பானியர் அதை மினோ என்றனர். காவிரிக்கரை வைக்கோலோ மாட்டுக்கும் கூரைக்குமே போயிற்று. மழைக்கென்று தனியாக ஓர் உடை செய்து சுவரில் மாட்டிவைக்கும் வழக்கம் வேரூன்றவில்லை.

மழையைத் தடுக்கும் பொருள்களில் குடைக்கு மட்டும் தமிழில் பெருமைக்குரிய வரலாறு உண்டு. அந்தப் பெருமையில் மழைக்குப் பங்கு மிகக் குறைவு. அரசனின் வெண்கொற்றக்குடை வெயிலையும் மழையையும் தடுத்ததற்காகப் பாடப்படவில்லை, ஆட்சி என்னும் நிழலுக்குக் குறியாக நின்றதற்காகப் பாடப்பட்டது. சீர்காழியில் காழிச்சீராம விண்ணகரம் எனப்படும் தாடாளன் கோயிலில் உலகளந்த நிலையில் நிற்கும் பெருமாள் அந்த நெடுவடிவுக்கு வளர்வதற்குமுன் ஓலைக்குடை பிடித்து வந்த குள்ள அந்தணன் என்பதே புராணம். யாசிக்க வந்தவன் கையிலும் குடை இருந்தது என்றால் அது அவன் குலத்தின் அடையாளம். கீழத்தஞ்சையின் பண்ணைகளில் குடைக்கு இருந்த மதிப்பும் இந்த வகையைச் சேர்ந்தது. மிராசுதார் வரப்பில் குடைக்குக் கீழே நின்று மேற்பார்வையிட, வயலில் நின்ற பண்ணையாள்களுக்குச் செருப்பும் மேல்துண்டும் போலவே குடையும் எட்டாததாகவே இருந்தது. பண்ணையாள் முறைக்குக் கடிவாளமிட்ட பாதுகாப்புச் சட்டம் தஞ்சை மாவட்டத்துக்கென்று வந்தது 1952இல்தான். நடவு நடும் கைக்குக் குடை பிடிக்க நேரமில்லை என்பது உண்மை. நேரம் இருந்திருந்தாலும் பிடித்திருக்க முடியாது என்பதும் அதே அளவுக்கு உண்மை. கொங்காணி உழைப்பவரின் உடையாக நின்றுபோனதற்கு இவ்விரண்டும் சேர்ந்தே காரணம். முதலாவதை மட்டும் சொல்லிவிட்டு நகர்வது வரலாற்றைப் பாதியில் விடுவதாகும்.

இனி, கைகளை நுழைத்து, முன்பக்கம் பூட்டி, உடலைச் சுற்றி மூடும் அங்கி என்ற பொருளுக்கு வரலாம். பழந்தமிழில் அதற்கும் சொற்கள் உண்டு. அவை யாருக்கு அணிவிக்கப்பட்டுள்ளன என்பதே சுவையான செய்தி. முல்லைப்பாட்டில் அரசனின் பாசறையைக் காக்கும் யவனர் மெய்ப்பைக்குள் புகுந்தவர்களாகக் காட்டப்படுகிறார்கள். உடம்பை இட்டு வைக்கும் பை என்ற பொருளில் அமைந்த அச்சொல்லில், சட்டையைப் புதுமையாகப் பார்த்த கண்ணின் வியப்பு தெரிகிறது. சில நூற்றாண்டுகளுக்குப் பிறகு சீவக சிந்தாமணியில் குப்பாயம் என்ற சொல் வருகிறது. அதை அணிந்தவன் மிலேச்சன். மலையாளத்தில் அதே சொல் பிறகு சட்டைக்கான அன்றாடச் சொல்லாயிற்று. அரபு நாட்டு நீளங்கியின் பெயர் வணிகரோடு வந்து தமிழில் கபாய் என்று வழங்கியது. தைத்த மேலங்கி என்றாலே கடல் கடந்தோ எல்லை கடந்தோ வந்தவரின் உடை என்ற எண்ணம் இச்சொற்களில் தொடர்ந்து ஓடுகிறது. வேர்வை ஆறாத ஈரக்காற்றில் வாழும் மக்களுக்கு உடலைச் சுற்றி மூடுவது நனைவதைவிடப் பெரிய தொல்லை.

இன்றைய நீர்புகா அங்கியின் வரலாறும் குளிர்நாட்டில்தான் தொடங்குகிறது. கிளாஸ்கோ நகரின் வேதியியலாளர் சார்லஸ் மெக்கின்டாஷ், தெருவிளக்குக்கு எரிவாயு எடுக்கும் ஆலைகளில் கழிவாக மிஞ்சிய நிலக்கரித் தாரிலிருந்து வடித்த நாப்தா என்ற எண்ணெயில் ரப்பரைக் கரைத்து, அந்தக் கரைசலை இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி ஒட்டும் முறைக்கு 1823இல் காப்புரிமை பெற்றார். நாப்தாவில் ரப்பர் கரையும் என்பதை அவருக்கு முன்பே, 1818இல், எடின்பரோவில் மருத்துவம் பயின்றுகொண்டிருந்த ஜேம்ஸ் சைம் கண்டறிந்திருந்தாலும், பெயர் நின்றது காப்புரிமை பெற்றவருக்கே. மழையங்கிக்கு ஆங்கிலத்தில் மெக்கின்டாஷ் என்றே பெயராயிற்று. போகப்போக அதன் எழுத்துக்கூட்டலில் அவர் பெயரில் இல்லாத ஓர் எழுத்தும் கூடிக்கொண்டது. அப்பெயரின் மூலம் ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் தலைவனின் மகன் என்று பொருள்படும் குடிப்பெயர். மழைக்கும் நீருக்கும் எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு குலப்பெயர் மழையங்கியைக் குறித்த வரலாறு, பொருளின் பெயரைக்கொண்டே அதன் பிறப்பைக் கண்டுவிடலாம் என்று நம்புவோருக்குத் தக்க எச்சரிக்கை.

தொடக்கக்கால மெக்கின்டாஷ் அங்கி குளிரில் விறைத்தது, வெயிலில் இளகி ஒட்டியது, எந்நேரமும் நாறியது. ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றி உறுதிப்படுத்தும் முறையை 1840களில் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயரும் இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக்கும் நிலைநாட்டிய பிறகே அது நம்பத்தக்க உடையாயிற்று. இந்தியாவுக்கு வந்த வெள்ளை அதிகாரிகளோடும் பாதிரிமார்களோடும் அது வந்தது. மழைநாளில் குதிரையில் செல்வோருக்கு உதவியது. தமிழரிடம் மெக்கின்டாஷ் என்ற சொல் மழைக்குத் தொற்றிக்கொள்ளவில்லை. ஆனால் அது தமிழ்நாட்டில் இன்றும் வழங்கும் ஓர் இடம் உண்டு: மருத்துவமனை. படுக்கை நனையாமல் நோயாளிக்குக் கீழே விரிக்கும் ரப்பர் விரிப்பைச் செவிலியர் மெக்கின்டாஷ் என்றே சொல்லிப் பழகியிருக்கிறார்கள். செவிலியர் பயிற்சிப் பாடத்திலும் அதுவே பெயர். இங்கிலாந்தில் மேலே போட்டதை இங்கே கீழே விரித்துவிட்டார்கள் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

மழையங்கியைக் குறிக்கத் தமிழ்ப் பேச்சில் நிலைத்தது ரெயின்கோட்டு அல்லது மழைக்கோட்டு. நெடில் உயிரை அடுத்து டகர ஒற்றில் முடியும் ஆங்கில ஓரசைச் சொற்கள் தமிழுக்கு வரும்போது ஒற்று இரட்டித்து உகரம் ஏறுவது வழக்கம். நோட்டு, ஓட்டு என்ற வரிசையில் கோட்டும் சேர்ந்தது. அதன் முன்னே மழை என்ற தமிழ்ச்சொல் ஒட்டியதும் பாதி இரவலும் பாதி சொந்தமுமான சொல் கிடைத்தது. இலங்கைத் தமிழர் ஆங்கில ரகரத்தை வல்லின றகரமாக ஒலிக்கும் தம் மரபுப்படி றெயின்கோட் என்றும் எழுதுவார்கள். தனித்தமிழ் ஆர்வலர் ஆக்கிய மழையங்கி எழுத்தில் ஓரளவு வழங்குகிறது. கடைக்காரரிடம் மழையங்கி கேட்டால் அவர் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் எடுத்துத் தருவார். ஜப்பானிலும் இதேபோன்ற இரட்டை வழக்கு நேர்ந்திருக்கிறது: உழவரின் வைக்கோல் உடைக்கு மினோ என்ற உள்நாட்டுச் சொல் தொடர, பயணியரின் எண்ணெய்த்தாள் மழையங்கிக்குப் போர்ச்சுக்கீசியரின் காப்பா என்ற சொல்லே 16ஆம் நூற்றாண்டில் குடியேறிக் கப்பா என்று நிலைத்துவிட்டது. வயலில் நிற்பவருக்கு உள்ளூர்ச் சொல்லும் வழியில் செல்பவருக்கு வந்தேறிச் சொல்லும் என்ற இந்தப் பிரிவு சீர்காழிக்கும் பொருந்தும்.

சீர்காழிக் கடைவீதியில் மழைக்கோட்டு பரவலானதற்கு மோட்டார்சைக்கிளே காரணம். அதற்கு முன்பு அது காவலர், தபால்காரர், இருப்புப்பாதைப் பணியாளர் போன்றோரின் பணியுடையாக, அரசு கொடுத்தால் போடுவதாக இருந்தது. குடும்பத்துக்கொரு வண்டி என்ற நிலை வந்ததும், மயிலாடுதுறைக்கோ சிதம்பரத்துக்கோ வேலைக்குப் போய்வருவோர் இரண்டு கைகளாலும் பிடியைப் பற்றியாக வேண்டியிருந்தது, குடை உதவாமற்போயிற்று. நடவாளின் கைகளுக்கு இருந்த அதே நெருக்கடி வண்டியோட்டியின் கைகளுக்கும் வந்தது என்றாலும் விடை வேறாயிற்று. நடவில் மழை மேலிருந்து முதுகில் விழுகிறது; வண்டியில் மழை எதிரிலிருந்து மார்பில் அறைகிறது. முன்பக்கம் திறந்த கொங்காணி அங்கே பயன்படாது. முன்பக்கம் பூட்டும் கோட்டுதான் வேண்டும். உடலின் எந்தப் பக்கம் மழைக்கு முகங்கொடுக்கிறது என்பதே இவ்விரு பொருள்களையும் இவ்விரு சொற்களையும் பிரித்து வைத்திருக்கிறது.

கோட்டுக்கு விலையாகத் தர வேண்டியது வேர்வை. பாலித்தீனோ ரப்பர் பூசிய துணியோ வெளியிலிருந்து நீரை விடாததுபோலவே உள்ளிருந்து ஆவியையும் விடாது. கார்த்திகை மாதத்திலும் கடலோர ஈரக்காற்றில் அரைமணி நேரம் வண்டி ஓட்டியவர் அதைக் கழற்றும்போது உள்சட்டை மழையில் நனைந்ததுபோலவே ஒட்டியிருக்கும். வயலில் உடலசைத்து வேலை செய்பவருக்கு இது பன்மடங்காகும் என்பதால், விலை மலிந்த பிறகும் நடவாள்கள் மழைக்கோட்டை நாடவில்லை. பெரிய பாலித்தீன் தாள் ஒன்றைத் தலையில் கவிழ்த்து, கழுத்துக்குக் கீழே ஒரு கயிற்றால் கட்டி, பின்புறம் தொங்கவிட்டுக்கொள்வதே இப்போது பல வயல்களில் காணப்படும் முறை. உரக்கடையில் விரிப்பாக வாங்கும் தாளாகவும் அது இருக்கலாம், நெல்லை மூடிய தார்ப்பாயின் கிழிந்த துண்டாகவும் இருக்கலாம்.

நல்ல தார்ப்பாய்களுக்கு அந்த நாள்களில் வேறு வேலை இருக்கிறது. குறுவை அறுவடை பருவமழையோடு மோதும் ஆண்டுகளில் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களின் வாசலில் நெல் குவிந்து கிடக்கும். வழக்கமாக நெல்லில் 17 விழுக்காட்டுக்கு மேல் ஈரப்பதம் இருந்தால் கொள்முதல் செய்வதில்லை என்பதால், மழை வரும்போதெல்லாம் குவியலை மூடுவதும் வெயில் எட்டிப்பார்த்ததும் திறந்து கிளறிக் காயவைப்பதுமாக உழவர் அங்கேயே இரவு பகலாகத் தங்குகிறார்கள். இருக்கிற தார்ப்பாய் நெல்லுக்குப் போக, காவலிருப்பவர் தலைக்குக் கிடைப்பது காலிச் சாக்குதான். அதன் ஒரு மூலையை மற்ற மூலைக்குள் செருகிக் கவிழ்த்துக்கொண்டு, அவர் மழையில் குவியலைச் சுற்றிவருகிறார்.